காரை விற்கும் முன் எதையெல்லாம் அழிக்க வேண்டும்?

கேள்வி: இணைய வசதியுள்ள என் காரை விற்கப் போகிறேன். ப்ளூடூத் பட்டியலிலிருந்து போனை நீக்கிவிட்டேன். அது போதுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: போதாது. நேவிகேஷனில் 'வீடு' என்று பதிந்த முகவரி, வைஃபை கடவுச்சொல், திரையில் லாகின் செய்த கணக்குகள் எல்லாம் காரின் நினைவகத்தில் அப்படியே இருக்கும். செட்டிங்ஸில் 'ஃபேக்டரி ரீசெட்' கொடுங்கள். திரை திரும்பவும் முழுதாக வரும்வரை இக்னிஷனை அணைக்காதீர்கள். பிறகு நேவிகேஷனைத் திறந்து பழைய முகவரி ஏதும் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள்.

ரீசெட் காருக்குள் இருப்பதை மட்டுமே துடைக்கும். காரை இணையத்தோடு இணைக்கும் இ-சிம் (காருக்குள்ளேயே பதித்த சிம்) வழியாகப் போன விவரங்கள் கார் நிறுவனத்தின் சர்வரில், உங்கள் கணக்கின்கீழ் கிடக்கின்றன. எனவே அந்த நிறுவனத்தின் ஆப்பில் நுழைந்து, காரை உங்கள் கணக்கிலிருந்து நீக்குங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: போனிலிருந்து ஆப்பை அழித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கணக்கில் கார் இருக்கும்வரை, அது எங்கே நிற்கிறது என்று பழைய உரிமையாளர் பார்க்கலாம். சில மாடல்களில் கதவைக்கூடத் திறக்கலாம். வாங்குபவரின் பாதுகாப்பே இதில் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். பழைய கார் வாங்குபவர்களும் பணம் கொடுக்கும் முன், விற்பவர் காரை நீக்குவதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

டேஷ்கேம் மெமரி கார்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேக்கை, அதைக் கொடுத்த வங்கியில் சொல்லி மூடுங்கள். மூடாவிட்டால் சுங்கச்சாவடியில் உங்கள் பணம் போகும். புதியவர் போகும் வழியெல்லாம் உங்களுக்கு எஸ்எம்எஸ் வரும்.

கேள்வி: சர்வரில் இருந்தால் என்ன? பெரிய நிறுவனங்கள் பத்திரமாகத்தானே வைத்திருக்கும்? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: 2024 டிசம்பரில் வெளிவந்த விஷயத்தைப் பாருங்கள். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் மென்பொருள் நிறுவனமான கேரியாட் வைத்திருந்த சுமார் 8 லட்சம் மின்சார கார்களின் விவரங்கள், வெளியாட்கள் எடுக்கக்கூடிய நிலையில் கிடந்தன. கிளவுட் சேமிப்பைத் திறக்கும் சாவி, கணினி நினைவகத்தை அப்படியே நகலெடுத்த, பாதுகாப்பில்லாத ஒரு கோப்பில் இருந்ததுதான் காரணம். ஏறக்குறைய 4.6 லட்சம் கார்களுக்கு இடவிவரமும் இருந்தது. ஃபோக்ஸ்வேகன், சியாட் கார்களுக்கு 10 சென்டிமீட்டர் துல்லியத்தில். ஜெர்மனியின் ஹேக்கர்கள் சங்கமான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் எச்சரித்த பிறகே ஓட்டை அடைக்கப்பட்டது.

சாவியைக் கவனிக்காமல் விட்டது ஒரு பிழை. அத்தனை துல்லியமாக இடத்தைச் சேமித்தது அதைவிடப் பெரிய பிழை. பேட்டரியையும் சார்ஜ் செய்யும் பழக்கத்தையும் ஆராயவே விவரம் சேர்ப்பதாக நிறுவனம் சொன்னது. அதற்கு இவ்வளவு துல்லியம் தேவையே இல்லை. உங்கள் காரின் பிரைவசி செட்டிங்ஸில் இடப் பகிர்வை நிறுத்த வழியிருந்தால் நிறுத்தலாம். ஆனால் திருட்டுப்போன காரைத் தேடும் வசதியும் அதோடு நின்றுபோகக்கூடும். எது முக்கியம் என்று யோசித்து முடிவெடுங்கள்.

கேள்வி: ஓபிடி போர்ட்டில் (காரின் கோளாறுகளைப் படிக்க உதவும் இணைப்பு) மாட்டும் மலிவான ப்ளூடூத் கருவியை எப்போதும் மாட்டியே வைக்கலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். அந்தப் போர்ட்டின் 16-வது இணைப்பு முனைக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் வருகிறது. காரை அணைத்தாலும் கருவி விழித்தே இருக்கும். பல கருவிகளின் ப்ளூடூத் கடவு எண் 1234 தான், மாற்றவும் முடியாது. பக்கத்தில் நிற்பவர் போனிலிருந்தே இணையலாம். பிழைக் குறியீட்டைப் படித்ததும் கழற்றிவிடுங்கள்.