தோற்ற வீட்டில் என்ன பேச்சு?

(2024 ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை மிச்சிகன் மாநிலத்தில் மகள் வீட்டில் இருந்தேன். அமெரிக்க அதிபர் தேர்தலை அங்கிருந்தே பார்த்தேன் என்று எழுதினாலும் எழுதினேன், கேள்விகள் குவிந்துவிட்டன. இந்த முறை அவை மட்டும்.)

"டிரம்ப் அலை" என்கிறார்களே, அது உண்மையிலேயே அலைதானா?
– சேலம் வாசகர்

தேர்வாளர் வாக்கு, அதாவது மாநிலவாரியாகக் கிடைக்கும் ஓட்டுக் கணக்கில் டிரம்ப் 312, கமலா 226. அதை மட்டும் பார்த்தால் அலை. மக்கள் போட்ட ஓட்டை எண்ணினால் டிரம்புக்கு 7.73 கோடி, கமலா ஹாரிஸுக்கு 7.5 கோடி. ஒன்றரை சதவீதம்தான் வித்தியாசம். பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து கமலா பின்தங்கியது சுமார் 2.3 லட்சம் ஓட்டு. அந்த மூன்றும் கிடைத்திருந்தால் சரியாக 270. ஜெயிக்க அது போதும்.

இதைச் சொல்லி கமலாவின் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஆறுதல் தேடினால் எனக்குப் பயமாக இருக்கிறது. டெக்சஸ் எல்லையில் ஸ்டார் கவுண்டி என்று ஓர் ஊர்ப்பகுதி. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஸ்பானிய வம்சாவளியினர். 1892-க்குப் பிறகு அதிபர் தேர்தலில் அந்தக் கட்சியை விட்டு விலகாத இடம் இந்த முறை டிரம்ப் பக்கம் போய்விட்டது. நூற்று முப்பது வருட உறவு ஒரே ராத்திரியில் அறுந்துபோகாது. பல வருடங்களாக நைந்துகொண்டே வந்திருக்கும்.

எங்கள் பக்கத்து துளசேந்திரபுரத்தில் எல்லோருக்கும் மனசு விட்டுப்போச்சு. உங்களுக்கு?
– மன்னார்குடி வாசகி

எனக்கும்தான். கமலாவின் தாத்தா பி.வி. கோபாலன் பிறந்த ஊர். தர்ம சாஸ்தா கோயிலில் நன்கொடையாளர் பெயர்கள் வெட்டிய கல்லில் கமலா பெயரும் இருக்கிறது. தேர்தல் நாளன்று அங்கே நடந்த அபிஷேகத்தை மகள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். ஒரு பேத்தி ஜெயிக்க வேண்டும் என்று ஊர் வேண்டிக்கொள்வதில் தப்பே இல்லை. ஆனால் மிச்சிகனில் ஓட்டுப் போட்டவர்கள் நம் பேத்திக்கு எதிராகப் போடவில்லை. அவர்கள் கவலையே வேறு.

அப்படியென்றால் அங்குள்ள சாதாரண ஜனங்கள் என்னதான் சொன்னார்கள்?
– கோவை வாசகர்

மகள் இருப்பது ஸ்டெர்லிங் ஹைட்ஸில். மெக்கோம்ப் கவுண்டியைச் சேர்ந்தது, கார்த் தொழிலாளர்கள் நிறைந்த இடம். பக்கத்து வீட்டுப் பெரியவர் கார்த் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒபாமாவுக்கு இரண்டு தடவை போட்டவர். அப்புறம் மூன்று தடவையும் டிரம்ப்.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் வாசலில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். பேச்சு தேர்தல் பக்கம் திரும்பியதும் உள்ளே போய் ஒரு கட்டு அட்டைகளை எடுத்து வந்தார். கதவுக் குமிழில் மாட்டுவதற்கு மேலே வட்டமாக ஓட்டை போட்ட, நீளமான பிரசார அட்டைகள். ஆறு இருந்தன. எல்லாம் ஜனநாயகக் கட்சியினர் மாட்டிவிட்டுப் போனவை. சமையலறை இழுப்பறையில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாராம். ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தார். ஐந்தில் டிரம்ப் எவ்வளவு ஆபத்தானவர் என்று இருந்தது. ஒன்றில் மட்டும் மருந்து விலை பற்றி நாலு வரி.

"நாலு வருஷமா இந்தக் கதவை ஒருத்தரும் தட்டலை. இந்த ஒரு மாசத்துல ஆறு பேர். அவங்களுக்கு என் ஓட்டு வேணும், நான் வேண்டாம்" என்றார்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கட்டைத் திரும்ப ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனார். எத்தனையோ நிபுணர்கள் டி.வி.யில் பேசக் கேட்டேன், மனசில் நின்றது அந்த ஒரு வரிதான்.

விலைவாசியும் சேர்ந்துகொண்டது. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம், நாற்பது வருடத்தில் அவ்வளவு உயர்ந்ததில்லை. தேர்தல் சமயத்தில் மூன்றுக்கும் கீழே வந்துவிட்டது, பொருளாதாரம் நன்றாக இருக்கிறது என்று கட்சி சொன்னது. புள்ளிவிவரம் சரிதான். ஆனால் பணவீக்கம் இறங்கினால் விலை ஏறும் வேகம்தான் குறையும், ஏறிய விலை இறங்காது. மளிகை பில்லைக் கையில் வைத்திருப்பவரிடம் "நீங்கள் நினைப்பது தப்பு" என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

பெண், அதிலும் கறுப்பினத்தவர் என்பதால்தானே தோற்கடித்தார்கள்?
– திருநெல்வேலி வாசகி

அது இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே நாளில், டிரம்ப் ஜெயித்த அதே மிச்சிகனில் எலிசா ஸ்லாட்கின், விஸ்கான்சினில் டாமி பால்ட்வின், நெவாடாவில் ஜாக்கி ரோசன் ஆகியோர் செனட்டுக்கு ஜெயித்தார்கள். மூவரும் பெண்கள், மூவரும் ஜனநாயகக் கட்சி. அப்போதைய அதிபர் பைடன் ஜூலை 21 வரை போட்டியிலிருந்து விலகாமல் இருந்ததுதான் என் கண்ணில் பெரிய தப்பு. கமலாவுக்குக் கிடைத்தது 107 நாள். கட்சிக்குள் முறையான போட்டி நடந்து, பைடனிடமிருந்து எங்கே மாறுபடுகிறார் என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பே அவருக்கு இல்லாமல் போனது.

இனி அந்தக் கட்சி இடதுபக்கம் போக வேண்டுமா, நடுவில் நிற்க வேண்டுமா?
– மதுரை வாசகர்

தேர்தலுக்கு மறுநாளே இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் ஆரம்பித்துவிட்டார்: உழைக்கும் மக்களைக் கைவிட்ட கட்சியை அவர்கள் கைவிட்டதில் ஆச்சரியமில்லை என்று. அன்றைய கட்சித் தலைவர் ஜேமி ஹாரிசன் அதைக் கடுமையாக மறுத்தார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. 2023-ல் கார்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது பைடன் மிச்சிகனுக்கு வந்து மறியலில் நின்றார். பதவியில் இருக்கும் அதிபர் எவரும் அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை. ஆனாலும் அந்தத் தொழிலாளர்கள் பலரின் ஓட்டு வரவில்லை.

மிசூரியைப் பாருங்கள். டிரம்ப் அங்கே சுலபமாக ஜெயித்தார். அதே நாளில் அதே ஜனங்கள் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்தவும், கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்தில் சேர்க்கவும் ஓட்டுப் போட்டார்கள். இரண்டும் ஜனநாயகக் கட்சியின் கொள்கைகள். கொள்கை பிடித்திருக்கிறது, கொண்டுவரும் ஆளைப் பிடிக்கவில்லை. இடதா நடுவா என்று தலைமையகத்தில் விடிய விடிய விவாதித்தாலும் இந்தச் சிக்கல் அவிழாது.

தோற்ற கட்சி உண்மையில் என்ன செய்ய வேண்டும்? அறிக்கை, ஆய்வுக் குழு இதெல்லாம் உதவுமா?
– தஞ்சாவூர் கல்லூரி மாணவர்

2012 அதிபர் தேர்தலில் மிட் ராம்னி தோற்றதும் அவரது குடியரசுக் கட்சி (டிரம்பின் கட்சியும் அதுதான்) அப்படி ஓர் அறிக்கை போட்டது, சுமார் நூறு பக்கம். குடியேற்றச் சட்டத்தைத் தளர்த்தினால்தான் ஸ்பானிய வம்சாவளியினர் நம்மிடம் வருவார்கள் என்றது. மூன்று வருடத்தில் டிரம்ப் வந்து நேர் எதிராகப் பேசினார், வேட்பாளராகி ஜெயித்தும்விட்டார். எழுதியவர்கள் தொண்டர்களின் மனசைப் படிக்கவில்லை.

இன்னொரு கதை இருக்கிறது, நான் இருந்த அதே மெக்கோம்பில் நடந்தது. 1960-ல் ஜனநாயகக் கட்சியின் கென்னடிக்கு 63 சதவீதம் கொடுத்த இடம், 1984-ல் குடியரசுக் கட்சியின் ரீகனுக்கு 66 சதவீதம் கொடுத்தது. அந்த வருஷம் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மாண்டேல் 49 மாநிலங்களில் தோற்றார். மறுவருஷம் ஸ்டான்லி கிரீன்பர்க் என்ற கருத்துக்கணிப்பாளர் அங்கே போய், கட்சி மாறிப் போட்ட தொழிலாளர்களைச் சின்னச் சின்னக் கூட்டமாக உட்கார வைத்துப் பேச விட்டார். கறுப்பினத்தவர் மீதான வெறுப்பும் அந்தப் பேச்சில் நிறைய வந்தது. கேட்கக் கஷ்டமான பேச்சு. அதற்கடியில், நம் கட்சி நமக்காக இல்லை என்ற வருத்தமும் இருந்தது. அவர் இரண்டையும் மறைக்காமல் எழுதினார். பின்னால் அதே கிரீன்பர்க் கிளின்டனுக்கு வேலை செய்தார். 1992-ல் கிளின்டன் ஜெயித்தபோதுகூட மெக்கோம்ப் ஜனநாயகக் கட்சிக்குத் திரும்பவில்லை. 1996-ல்தான் வந்தது. உட்கார்ந்து கேட்க ஆரம்பித்ததிலிருந்து பதினோரு வருஷம்!

2025 பிப்ரவரி 1-ஆம் தேதி மின்னசோட்டாவைச் சேர்ந்த கென் மார்ட்டின் கட்சியின் தேசியத் தலைவரானார். அவரிடம் ஒன்று கேட்கும் வாய்ப்புக் கிடைத்தால், தேர்தல் எதுவும் இல்லாதபோது, கையில் அட்டை இல்லாமல் அந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புங்கள் என்பேன். மகள் வீட்டிலிருந்து வலது பக்கம் அடுத்த வீடு. பெரியவர் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பார்.