எடையில் 80% கால்சியம் கார்பனேட் (சுண்ணாம்புக்கல்) தூள் கலந்த எபாக்சி பிசின், இறுகியபின் சாக்பீஸ் மாதிரி உடைகிறதா?
பிசினைக் கூட்ட வேண்டாம். கலவை ஈரமாக இருக்கும்போதே அச்சில் அழுத்தி, அழுத்தத்திலேயே இறுக விடுங்கள். எடையில் 80% கால்சியம் கார்பனேட் என்றால் கன அளவில் ஏறக்குறைய 63%. ஒரே அளவு உருண்டைகளைக் குலுக்கிக் கொட்டினாலே 64% பக்கம்தான் நெருங்கும். கையால் கிளறினால் இடுக்குகளில் பிசினுக்குப் பதில் காற்றுதான் உட்காரும். உடைந்த முகம் மாவாக உதிர்வது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

துண்டை எடைபோட்டு, அளந்து, அடர்த்தி பாருங்கள். கன செ.மீ.க்கு 2.1 கிராம் வர வேண்டும். 1.8 என்றால் சுமார் 15% காற்று.

அப்புறம், ஒரு சிட்டிகைத் தூளைத் தண்ணீரில் தூவுங்கள். கிளறியும் மிதந்தால் ஸ்டியரிக் அமிலம் (தண்ணீர் ஒட்டாத ஒரு கொழுப்பு அமிலம்) பூசிய ரகம். எபாக்சி அதில் சரியாகப் பிடிக்காது.

ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் சிப்பியின் உட்பூச்சு மாதிரி விரிசலைத் தாங்காது. அங்கே இதே கால்சியம் கார்பனேட் செங்கல் அடுக்கு மாதிரித் தகடுகளாக இருக்கிறது. உங்களிடம் இருப்பது வெறும் பொடி.