வெனிஸில் இரண்டு நாள்

கேள்வி: வெனிஸில் இரண்டு நாள் தங்கப்போகிறோம். கொண்டோலா படகுக் கட்டணத்தைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. அங்கேயே குடியிருக்கும் நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.

பதில்: பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. ஆளுக்கு இல்லை, படகுக்கு. அதுவும் அதிகம் என்றால், ரியால்டோ மீன் சந்தைக்குப் பக்கத்தில் ட்ரகெட்டோ என்ற படகு பெரிய கால்வாயின் குறுக்கே போய்வருகிறது. அதுவும் துடுப்பு போடும் கொண்டோலாதான். ஓரிரு நிமிடப் பயணம், சில யூரோதான். சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். ஞாயிறும் திங்களும் மீன் கடைகள் கிடையாது.

சான் மார்கோ மணிக்கூண்டில் ஏற வரிசையில் காத்து நிற்காதீர்கள். எதிர்க்கரையில் சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே தீவு இருக்கிறது. கட்டடக் கலைஞர் பல்லாடியோ வடிவமைத்த தேவாலயம், அதன் கோபுரத்துக்கு லிஃப்டும் உண்டு. 1902-இல் இடிந்து விழுந்து, 1912-இல் மறுபடி எழுந்த சான் மார்கோ கூண்டை முழுதாகப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

மறுநாள் புரானோ தீவுக்குப் போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் டோர்செல்லோ தீவை விட்டுவிடுகிறார்கள். மனசு கேட்கவில்லை! 639-இல் நிறுவிய பேராலயம் அங்கே இருக்கிறது. மேற்குச் சுவர் முழுக்க இறுதித் தீர்ப்பு மொசைக். அதற்காகவே போகலாம்.

அப்புறம், பெரிய பெட்டி வேண்டாம். பாலத்துக்குப் பாலம் படிதான்.