டூர்னிக்கெட் கட்டியபின் ரத்த அழுத்தம் ஏன் ஏறுகிறது? ஓபியாய்டு என்ற வலுவான வலி மருந்து அதைக் குறைக்குமா?

டூர்னிக்கெட் என்பது முழங்கால் மாற்று போன்ற அறுவை சிகிச்சைகளில் தொடையைச் சுற்றிக் கட்டி, காற்றடித்து இறுக்கும் பட்டை. காலுக்குப் போகும் ரத்தம் நின்றுவிடுவதால் மருத்துவருக்கு உள்ளே தெளிவாகத் தெரியும்.

முழு மயக்கத்தில் இருப்பவருக்கும் 30 முதல் 60 நிமிடங்களில் ரத்த அழுத்தம் மெல்ல ஏறத் தொடங்கலாம். இறுக்கத்தில் தடித்த நரம்பு இழைகள் முதலில் ஓய்ந்துவிடுகின்றன. மெல்லிய வலி இழைகளோ செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர் அசந்து தூங்கினாலும் வாசலில் நாய் குரைக்கிறதல்லவா, அந்த மாதிரி. நினைவு தூங்கினாலும் உடம்பின் எச்சரிக்கை அமைப்பு தூங்குவதில்லை. இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தக் குழாய்கள் சுருங்கும்.

சரி, மருந்து? ஃபென்டானில் போன்ற ஓபியாய்டுகள் தண்டுவடத்திலும் மூளையிலும் அந்த வலிச் செய்தியை மட்டுப்படுத்தும். ஆனால் இது பிடிவாதமான வலி. மருந்தைக் கூட்டியும் அழுத்தம் முழுதாக இறங்காமல் போகலாம். பட்டையைத் தளர்த்தியதும் காலுக்குள் ரத்தம் பாய்ந்து, அழுத்தம் சட்டென்று விழும். அதனால்தான் அளவு மீறி மருந்து ஏற்றுவது ஆபத்து.

அழுத்தம் ஏறினால் நோயாளி விழித்து வலியை உணர்கிறார் என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை, நினைவே இல்லாமலும் உடல் இப்படி எதிர்வினை காட்டும்.