மாக்கட்டி வீடியோவும் மின்னியாபொலிஸ் வீடியோவும்

அன்பின் அக்கா, 2020ல அமெரிக்காவுல மின்னியாபொலிஸ்ல பொலிஸ்காரன் கொண்ட கறுப்பினத்தவர் ஜோர்ஜ் ஃபுளொய்டுட வீடியோ பாத்துட்டு கெம்பஸ் பொடியன்கள் நாங்க எல்லாரும் பேஸ்புக் படத்த கறுப்பா மாத்தினம். இப்ப அந்தப் பேச்சே இல்ல. ஒரு பெரிய கேஸ் வந்தா சனத்துட மனசு உண்மையிலயே மாறுமா?
வாசகர், களுவாஞ்சிக்குடி

தம்பி,

மாறும், ஆனா நிக்கிறது கஷ்டம். அமெரிக்காவுல பியூ ஆய்வு நிலையம் கேட்டுப் பாத்ததுல 2020 ஜூன்ல 67 வீதம் பேர் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ (கறுப்பினத்தவர்ட உயிரும் முக்கியம்) இயக்கத்துக்கு ஆதரவு, செப்டம்பர்ல 55 வீதம், மூண்டே மூண்டு மாசம். அதுக்காக அந்த வீடியோ வீணாப் போகல்ல. பொலிஸ் முதல் விட்ட அறிக்கையில ஆள் உடம்புக்கு ஏலாமப் போய் செத்த மாதிரித்தான் இருந்திச்சு, 17 வயசுப் பிள்ளை ஒண்டு போனைத் தூக்கிப் புடிச்சு விடாம எடுத்ததாலதான் பொலிஸ்காரன் கழுத்துல முழங்காலப் போட்டு அமத்தின அந்த 9 நிமிசம் 29 செக்கன் உலகத்துக்கே தெரிஞ்சிச்சு, மறுகா பொலிஸ்காரனுக்கு இருபத்திரண்டரை வருசம் கிடைச்சிச்சு.

ஆனா நீங்க இதக் கேக்க எனக்கு ஞாபகம் வந்தது அம்பாறை டவுன்தான். 2018 பெப்ரவரி கடைசி, ஒரு சாப்பாட்டுக் கடை, கறிக்குள்ள ஒரு மாக்கட்டி. பிள்ளை பிறக்காமப் பண்ணுற மாத்திரை போட்டியா எண்டு ஆக்கள் சுத்தி நிண்டு சிங்களத்துல அதட்ட, சிங்களம் சரியா விளங்காத அந்த முஸ்லிம் மனுசன் பயத்துல தலையாட்டுறார். அதையும் போனுலதான் எடுத்தாங்க. அண்டு ராவே கடைக்கும் பள்ளிவாசலுக்கும் அடி. அது வெறும் மாதான் எண்டு அரச பகுப்பாய்வாளர் பிறகு சொன்னத எத்தினை பேர் ஷேர் பண்ணினாங்க?

எனக்கு நோகுறது இதுதான். எங்கட தமிழாக்கள் சிலபேர் அந்த வீடியோவப் பாத்துட்டு “அவனுகள் செய்வானுகள்” எண்டு சொன்னத நான் கல்முனை பஸ்ஸுக்குள்ள என்ட காதால கேட்டன். 83ல தமிழாக்களுக்கு அடிச்ச கலவரத்தப் பத்தி நாள் முழுக்கக் கதைக்கிற ஆக்கள்! ரெண்டு வருசம் கழிச்சு ஃபுளொய்டுக்கு உருகினதும் இதே மாதிரி ஆக்கள்தான். தூரத்துல நடந்தா எங்களுக்கு அநியாயம் உடனே தெரியுது, பக்கத்து ஊர்க்காரருக்கு நடந்தா முதல்ல சந்தேகம்தான் வருது, வீடியோ மனசுக்குள்ள புதுசா ஒண்டையும் போடாது தம்பி, உள்ள கிடக்கிறதத்தான் கிளறி விடும்.

நீங்க படத்தக் கறுப்பாக்கினத நான் பிழை எண்டு சொல்லல்ல. ஆனா அந்த மாக்கட்டி வீடியோ உங்கட வட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். யாருக்காவது அனுப்பியிருந்தா, இப்பயாவது அதே குரூப்புல அது மாதான் எண்டு எழுதிப் போடுங்க.