‘ரிப்போர்ட்தான் நார்மல் ஆயிடுச்சே!’

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. எட்டு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. இரவில் போடச் சொன்னார்கள். போன மாதம் எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 62 என்று வந்ததும், “நார்மல் ஆயிடுச்சு” என்று நிறுத்திவிட்டார். கெண்டைக்கால் வலிக்கிறதாம், ஈரல் கெட்டுவிடும் என்று வாட்ஸ்அப்பிலும் படித்தாராம். டாக்டர் திட்டுவார் என்று அங்கே வரவும் மறுக்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: முதலில் ஒன்றைப் பாருங்கள் அம்மா. இந்த ஒரு மாத்திரையை மட்டும்தான் நிறுத்தினாரா, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றையும் சேர்த்தா? அவற்றையும் விட்டிருந்தால் இன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

சரி, இப்போது அந்த 62. அது மாத்திரை போட்டதால் வந்த 62. ஈரல் கொழுப்பைத் தயாரிக்கும் வேலையை இந்த மாத்திரை தடுக்கிறது. நிறுத்தினால் சில வாரங்களிலேயே பழைய அளவுக்கு ஏறிவிடும். லேப் தாளில் ‘100-க்குக் கீழ்’ என்று அச்சடித்திருப்பது பொதுவான அளவு. மாரடைப்பு வந்தவருக்கு இலக்கு 55-க்கும் கீழே. தவிர, ரத்தக்குழாயில் படிந்திருக்கும் கொழுப்பு வெடித்துவிடாமல் கெட்டிப்படுத்துவதும் இதே மாத்திரைதான். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு உடனே கொடுக்கும் மாத்திரைகளில் அடோர்வாஸ்டாட்டினும் இருக்கிறது. அந்த நேரத்தில் கொழுப்பு ரிப்போர்ட்டை யார் பார்க்கப்போகிறார்கள்?

கால்வலியை “எல்லாம் மனப்பிரமை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில், பக்கவிளைவால் இந்த மாத்திரையை விட்டுவிட்ட 60 பேருக்குச் சில மாதம் மாத்திரை, சில மாதம் மருந்தே இல்லாத போலி மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தால் வந்த தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது. வலி நிஜம்தான், காரணம்தான் வேறு. எந்த மாதம் எவ்வளவு தொந்தரவு என்ற தங்கள் கணக்கையே பார்த்தபின் பாதிப்பேர் மறுபடி போட ஆரம்பித்தார்கள்.

நிஜமாகவே மருந்தால் வலிப்பவர்களும் உண்டு. அவர்களுக்குத் தசைக்கான சி.கே. ரத்தப் பரிசோதனை, தைராய்டு பார்த்துவிட்டு, டோஸைக் குறைக்கலாம், இதே வகையைச் சேர்ந்த ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்றலாம், கொழுப்பைக் குறைக்கும் வேறு வகை மாத்திரையான எசெடிமைப் சேர்க்கலாம். ஈரலையும் ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். பெரிய சேதம் மிக அபூர்வம். கடுமையான தசைவலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

திட்டு விஷயத்தில் தப்பு டாக்டர்களான எங்கள் பக்கமும் இருக்கிறது. “மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?” என்று நானும் வருஷக்கணக்கில் கேட்டேன். எல்லாரும் “போடுறேன் சார்” என்பார்கள். ஒருநாள் எங்கள் நர்ஸ், ஒரு பெரியவரின் மஞ்சள் பையை மேசையில் கவிழ்த்தார். மூன்று மாத அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்காமல்! அவர் கோபப்படவில்லை. “இதுல எது உங்களுக்கு ஒத்துக்கலை, ஐயா?” என்று மட்டும் கேட்டார். பெரியவர் கால்மணி நேரம் பேசினார். அப்புறம்தான் நான் கேள்வியை மாற்றினேன்: “போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு? எல்லாருக்கும் விட்டுப்போறதுதான்.” இப்போது உண்மை வருகிறது.

டாக்டருக்கு நேரமில்லை என்றால் அங்கிருக்கும் நர்ஸிடமோ, மாதாமாதம் வாங்கும் மருந்துக்கடை பார்மசிஸ்டிடமோ அப்பாவைப் பேச வையுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து புகார் வாசிக்காதீர்கள். இரவில் மறந்துபோகிறது என்றால் அதையும் சொல்லட்டும். அடோர்வாஸ்டாட்டினை இரவில்தான் போட வேண்டும் என்றில்லை, டாக்டர் சம்மதித்தால் காலையில் பிரஷர் மாத்திரையோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த வாரமே கூட்டிப் போங்கள். மீதி அட்டைகளை அலமாரியில் ஒளித்து வைக்க வேண்டாம், அப்படியே எடுத்துப் போகச் சொல்லுங்கள். திட்டு விழுந்தால், வேறு டாக்டரைப் பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.