ரோட்டரி இன்ஜினுக்கு எந்த டர்போ?

கேள்வி: டிரிஃப்ட் (வளைவில் சறுக்கவிட்டு ஓட்டும்) காரில் மஸ்டாவின் 13பி ரோட்டரி இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் வகை). சிங்கிள் டர்போ (புகையின் விசையில் சுற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) எந்த அளவில் போடலாம்?
– வாசகர், இந்திரா நகர், பெங்களூரு

பதில்: 400 குதிரைத்திறனுக்கு 60 மி.மீ. கம்ப்ரஸர் (காற்றை அழுத்தும் சக்கரம்) தாராளம். கவனம் வேண்டியது, புகையால் சுற்றும் டர்பைன் பக்கம்தான். ரோட்டரியின் புகை அதிகச் சூட்டோடு பாய்ந்து வரும். பிஸ்டன் இன்ஜினுக்கான சின்ன டர்பைன் ஹவுசிங் (உறை) போட்டால் பின்னழுத்தம் ஏறி, நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்து, அபெக்ஸ் சீல் (ரோட்டர் முனையிலுள்ள அடைப்புப் பட்டை) உடையும். ஹவுசிங்கின் அளவைச் சொல்லும் ஏ/ஆர் எண் 1.0-க்குக் குறையவே வேண்டாம். பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) கொஞ்சம் தாமதமாக ஏறினாலும், டிரிஃப்ட்டில் ஆர்பிஎம் உயரத்திலேயே நிற்பதால் உறுத்தாது. வேஸ்ட்கேட் (உபரிப் புகையை டர்பைனுக்குள் விடாமல் வெளியேற்றும் வால்வு) 60 மி.மீ.; சிறியதென்றால் பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போகும்.

பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரம். காற்றழுத்தம் ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. அதே பூஸ்ட்டுக்கு டர்போ கூடுதல் வேகத்தில் சுற்றும். சென்னையில் டியூன் செய்த மேப்பை (இன்ஜின் கணினியின் எரிபொருள், தீப்பொறி அட்டவணையை) இங்கே சரிபார்க்காமல் ஓட்டாதீர்கள்.